ஞாயிற்றுக்கிழமை மன்றாட்டு

ஏலாக்குறிச்சிப் பக்கம் எங்கள் அன்பியத்தில், அதாவது பங்குக் கோயிலின் தெருச் செபக் குழுவில், பதினாலு வீடு. ஞாயிறு சாயங்காலம் முறை வைத்து ஒவ்வொரு வீட்டில் கூடிச் செபம் செய்வோம். பாட்டும் வாசகமும் முடிந்ததும், மனசில் பட்டதை அவரவர் வாய்விட்டு மன்றாடலாம். மற்றவர்கள் “கேட்டருளும்” என்பார்கள். என் கொழுந்தன் மனைவி இன்னாசியம்மாவும் நானும் ஒன்பது வருஷமாகப் பேசிக்கொண்டது அந்த நேரத்தில் மட்டும்தான். அதுவும் ஆண்டவர் வழியாக.

“ஆண்டவரே, அடுத்த வூட்டுப் பொண்ணு வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்ட நாக்குக்கு நல்ல புத்தி குடும்” என்பேன் நான்.

“இயேசுவே, கண்ணால பாக்காததுக்குச் சத்தியம் பண்றவங்களுக்கு வெளிச்சம் தாரும்” என்பாள் அவள்.

இரண்டுக்கும் கேட்டருளும் சொல்லிவிட்டு டீ குடித்துக் கலைவார்கள். நாங்கள் வராத வாரம் செபம் சப்பென்று இருக்கிறது என்று மரிய செல்வம் வாத்தியார் சொன்னதாகக் கேள்வி.

விஷயம் இதுதான். என் மகள் சுகன்யா மேரிக்கு வரதராசன்பேட்டையில் ஒரு மாப்பிள்ளை கூடி வந்தது. கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க ஒரு வாரம் இருக்கும்போது, பெண்ணுக்கு வலிப்பு வருமாமே என்று கேட்டு நிறுத்திவிட்டார்கள். அது இன்னாசி பிறந்த ஊர். வேறு யார் சொல்லியிருப்பார்கள்? அதன் பிறகு சுகன்யாவுக்கு எதுவும் அமையவில்லை. பெரம்பலூரில் டீச்சராக இருக்கிறாள்.

போன தவக்காலத்தில் எங்கள் வீட்டு முறை. சுகன்யாவும் லீவில் வந்திருந்தாள். இன்னாசிக்கு மார்பில் கட்டி எடுத்து ஒரு மாசம்கூட ஆகவில்லை. சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்து சுவரோரம் உட்கார்ந்தாள். செய்ததெல்லாம் உடம்பில் வந்து நிற்கும் என்று உணருகிற வரத்தைச் சிலருக்குத் தாரும் என்று மன்றாடினேன். எல்லோரும் கேட்டருளும் என்றார்கள், கொஞ்சம் மெதுவாக. அவள் சால்வையை இன்னும் இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

கூட்டம் கலைந்ததும் சுகன்யா டம்ளர் கழுவியபடியே பேசினாள்.

“சித்தி சொல்லலம்மா. நான்தான் அந்தாளுக்கு போன் பண்ணி, வலிப்பு வரும்னேன்.”

ஏன்டி என்றேன். பிடிக்கவில்லையாம். வேண்டாம் என்றால் நான் விட்டிருக்க மாட்டேனாம். இத்தனை வருஷம் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன்.

“நீ செபம்தானே பண்ற, சண்டை போடலையேன்னு இருந்துட்டேன்.”

அடுத்த ஞாயிறு லியோ பிரபு வீட்டில். மன்றாட்டு நேரம் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன்: “ஆண்டவரே, இன்னாசி மேல பொய்ப்பழி போட்டேன். அவ யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லல. என்னை மன்னியும்.”

கேட்டருளும் என்றார்கள். பாரம் இறங்கின மாதிரி நிமிர்ந்தேன். இன்னாசி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, அவர்கிட்ட சொல்லிட்டீங்க. எங்கிட்ட எப்ப சொல்லுவீங்க?”

எழுந்து போய் அவள் எதிரில் உட்கார்ந்தேன். மன்னிச்சுக்கோ என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

“கேட்டுச்சுக்கா” என்றாள். அவ்வளவுதான்.

முடிவில் எழுந்து நின்று இயேசு கற்பித்த செபத்தைச் சொன்னோம். நமக்குத் தீமை செய்தவர்களை மன்னிக்கிற இடம் வந்தபோது இன்னாசி வாயை மூடிக்கொண்டாள். அதைத் தாண்டியதும் மறுபடி சேர்ந்துகொண்டாள்.

ஒன்பது வருஷமாக அந்த வரியை எல்லோரையும் விடச் சத்தமாகச் சொல்லி வந்தவள் நான்.