ஒன்பதாவது இன்னிங்ஸில் வராதவன்

ஜனவரியில் அந்த ஒரு நாள் மட்டும் எம்மெட் கொலாரிக் வீட்டு ஃபோன் ஊமையாகிவிடும். மற்ற நாட்களில் அதற்கு வாய் ஓயாது. மகள் நோரீன் மாத்திரை சாப்பிட்டாரா என்று கேட்பாள். பழைய கூட்டாளி ரூஃபஸ் டாக்கெட் ஒன்றுமில்லாத விஷயத்தை ஒரு மணி நேரம் இழுப்பான். ஜன்னல் மாற்றித் தருகிறேன், கூரை போட்டுத் தருகிறேன் என்று எவனாவது தொல்லை கொடுப்பான். அந்த நாளில் மட்டும் தப்பான நம்பர்கூட வராது.

காரணம் ஊருக்கே தெரியும். பேஸ்பால் ஆடிய பெரிய தலைகளுக்கென்று கூப்பர்ஸ்டவுனில் ஒரு மண்டபம் இருக்கிறது. அதில் யாருக்கு இடம் என்று பத்திரிகைக்காரர்கள் வருஷத்துக்கு ஒருமுறை ஓட்டுப் போடுவார்கள். நாலில் மூன்று பங்கு ஓட்டு வாங்கியவனுக்கு மத்தியானம் மூன்று மணிக்குள் ஃபோன் வரும். வாங்காதவனுக்கு ஒன்றும் வராது. அவனாகப் புரிந்துகொள்ள வேண்டியதுதான். எம்மெட்டின் பெயர் பதினைந்து வருஷமாக அந்த ஓட்டுச்சீட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. இதுதான் கடைசி வருஷம். இதற்கு மேல் சீட்டில் வைக்க மாட்டார்கள்.

ஆகவே, அவர்மேல் பிரியமுள்ள யாரும் அன்றைக்கு அவரைக் கூப்பிடுவதில்லை. லைனைப் பிடித்துவைத்த பாவம் எதற்கு? வாயைத் திறந்து ஏதாவது சொல்லி, அதனாலேயே கெட்டுப்போனால் யார் பதில் சொல்வது? பேஸ்பால்காரர்கள் இந்த விஷயத்தில் பொல்லாதவர்கள். அடுத்த வீட்டு மிஸஸ் ஹுடாக் காலையிலேயே ஒரு தட்டு நிறைய முட்டைக்கோஸில் சுற்றிய இறைச்சி உருண்டையைக் கொண்டுவந்து வாசல்படியில் வைத்துவிட்டு, மணியை அடிக்காமல், திருடியைப் போல் பனியில் அடிமேல் அடி வைத்துத் திரும்பிப் போனாள். எம்மெட் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒரு வாய் காபி சாப்பிட்டுவிட்டுப் போயேன் என்று கத்த வேண்டும் போலிருந்தது.

போன வருஷம் வரை மனைவி டோலரஸ் இருந்தாள். பேசக்கூடாது என்ற அந்த விதியை அவள் மட்டும் துளியும் மதித்ததில்லை. ஃபோனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே தன் அக்காவின் மருமகளைப் பற்றி மணிக்கணக்காகத் திட்டுவாள். மூன்று மணி தாண்டியதும், "சரி, விட்டது சனி. சட்டையை மாத்துங்க, வெளிய போய் மீன் சாப்பிடலாம்" என்பாள். வசந்தகாலத்தில் போய்ச் சேர்ந்துவிட்டாள். இந்த முறை அவரும் சமையலறைச் சுவரில் மாட்டிய ஃபோனும் மட்டும்தான்.

பந்து வீசுகிறவனைப் பிட்சர் என்பார்கள்; எம்மெட் லேசுப்பட்ட பிட்சர் இல்லை. அவருடைய வளைபந்து மட்டைக்காரன் முழங்காலருகே வந்து சட்டென்று விழும். மட்டை காற்றைத்தான் அடிக்கும். ஆனால் அவருடைய வாழ்க்கையில் எல்லாமே ஒரு முழம் குறைந்தே நின்றது. முந்நூறு வெற்றி என்பது பிட்சர்களுக்குப் பெரிய கணக்கு. அதற்குக் கொஞ்சம் முன்னால் தோள் போய்விட்டது. உலகத் தொடரின் கடைசி ஆட்டத்தில் ஒரே ஒரு ரன்னில் தோற்றார். எல்லாவற்றுக்கும் மேலாக அந்த ஆகஸ்ட் மாதத்து ஆட்டம்.

எதிரணியில் ஒருத்தன்கூட, அடித்துவிட்டு ஓடிப்போய் நிற்கும் முதல் பேஸை மிதிக்காமல் ஒன்பது இன்னிங்ஸையும் முடித்தால் அது முழுமையான ஆட்டம். நூறு வருஷத்தில் அதைச் செய்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அன்றைக்கு எம்மெட் அதன் வாசல் வரை போனார். இப்படி ஒன்று நடந்துகொண்டிருக்கும்போது சொந்த அணிக்காரர்கள் பிட்சரிடம் பேச மாட்டார்கள். அவர் உட்கார்ந்த பெஞ்சில் உட்கார மாட்டார்கள். அந்த ஆட்டத்தின் பெயரைச் சொல்லக்கூட மாட்டார்கள், சொன்னால் கலைந்துவிடும். ஐந்தாவது இன்னிங்ஸிலிருந்து எம்மெட் பெஞ்சின் ஒரு கோடியில் தனியாக உட்கார்ந்திருந்தார், அம்மை போட்டவனை ஒதுக்கிவைத்த மாதிரி. தண்ணீர் கொடுத்தவன்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு கொடுத்தான்.

ஒன்பதாவது இன்னிங்ஸ். ஒரே ஒரு ஆள் பாக்கி. வந்து நின்றவன் பாஸ்கம் என்ற ஒன்றுக்கும் உதவாத மாற்று ஆட்டக்காரன். எம்மெட்டின் கை ஈரத்துணி போலக் கனத்தது. வேகப்பந்தா, வளைபந்தா? மனசு ஓடவில்லை. பிட்சர் தடுமாறினால், மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்திப் பந்தைப் பிடிக்கும் கேட்சர் எழுந்து பிட்சரின் மண்மேட்டுக்கு நடந்து வருவான்; எதிராளி உதட்டைப் படிக்காதபடி கையுறையால் வாயை மூடிக்கொண்டு, என்ன போடப்போறே என்று கேட்பான். அதற்குத்தான் கேட்சர். எம்மெட் தன் கேட்சர் ரூஃபஸைப் பார்த்தார். ரூஃபஸும் முகமூடிக்குள்ளிருந்து அவரைப் பார்த்தான். எழுந்திருக்கவில்லை. போய்ப் பேசினால் கெட்டுவிடும் என்று பயந்து அங்கேயே குந்தியிருந்து, எந்தப் பந்து என்று விரலால்கூடக் காட்டாமல் கையுறையை மட்டும் நீட்டினான். எம்மெட் வேகப்பந்தைப் போட்டார். வேகம்தான் அதில் இல்லை. பாஸ்கம் அதை இரண்டாவது பேஸ்காரன் தலைக்கு மேல் தூக்கி அடித்து, முதல் பேஸையும் மிதித்துவிட்டான்.

அதற்கப்புறம் எத்தனையோ வருஷம் இருவரும் சேர்ந்து ஆடினார்கள், குடித்தார்கள், ஒருவர் கல்யாணத்தில் ஒருவர் மாப்பிள்ளைத் தோழனாக நின்றார்கள். அந்தப் பந்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

பதினொரு மணிக்கு எம்மெட்டுக்குப் பொறுக்கவில்லை. நோரீனுக்கு ஃபோன் போட்டார்.

"அப்பா! உங்களுக்கென்ன பைத்தியமா? லைனைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்களே, அவங்க இப்பக் கூப்பிட்டா?"

"சும்மாதாம்மா... நீ எப்படி இருக்கேன்னு..."

"நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்! வைங்க முதல்ல!" வைத்துவிட்டாள்.

இரண்டு மணிக்கு மேல் ரூஃபஸ் வீட்டுக்குப் போட்டார். மூன்று மணி நேரம் தெற்கே, கென்டக்கியில் இருக்கிறது அவன் வீடு. அவன் மனைவி லோரீன்தான் எடுத்தாள்.

"எம்மெட்! கோவிச்சுக்காதீங்க, இன்னிக்கு உங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு அந்த மனுஷன் எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கார்."

"அந்தக் கிழட்டுக் கழுதை எங்கே?"

"காலையிலேயே எங்கேயோ கிளம்பிட்டார். எங்கேன்னு கேட்டா, வாயைப் பொத்திக் காட்டறார். நான் வைக்கிறேன்பா, எனக்குப் பயமா இருக்கு."

எம்மெட் ஃபோனை மாட்டிவிட்டு நின்றார். வீடு அவ்வளவு அமைதியாக இருந்தது. குளிர்பெட்டி ஒருமுறை உறுமிவிட்டு நின்றது. இத்தனை பேருக்கு என்மேல் இவ்வளவு பிரியம், ஆனால் பேச ஒரு நாதி இல்லை என்று நினைத்தார். சிரிப்பு வந்தது. மிஸஸ் ஹுடாக் வைத்த தட்டை எடுத்துவந்து நின்றபடியே ஒரு உருண்டையைத் தின்றார். ஆறிப்போயிருந்தது.

அப்போதுதான் தெருக்கோடியில் நின்ற டிரக்கைக் கவனித்தார். காலையிலிருந்தே அது அங்கேதான் நின்றது. மின்சாரக்காரர்களின் வண்டி என்று விட்டுவிட்டிருந்தார். கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது. உள்ளே இருப்பவன் அவ்வப்போது தொப்பியைக் கழற்றி அதால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். தொப்பியால் கண்ணாடி துடைக்கிறவனை எம்மெட்டுக்குத் தெரியும். இருபது வருஷம் அணியின் பஸ்ஸில் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனவர்.

மணி இரண்டேமுக்கால். இன்னும் கால் மணி நேரம் பாக்கி. ஃபோனைப் பார்த்தார், டிரக்கைப் பார்த்தார். பிறகு வீட்டுச் செருப்போடேயே கதவைத் திறந்துகொண்டு இறங்கினார்.

அவர் வருவதைக் கண்டதும் டிரக்குக்குள் ஒரே களேபரம். ரூஃபஸ் இரண்டு கையையும் ஆட்டினான். வீட்டைக் காட்டினான், கடிகாரத்தைக் காட்டினான், வாயைப் பொத்தினான். எழுபதை நெருங்கும் மனுஷன் குரங்குச் சேட்டை எல்லாம் செய்தான். எம்மெட் நிற்கவில்லை. பனி செருப்புக்குள் புகுந்து காலைக் கடித்தது.

பாதித் தூரம் போயிருப்பார். பின்னால், திறந்து கிடந்த கதவு வழியாக, ஃபோன் மணி அடித்தது.

அப்படியே நின்றுவிட்டார்.

டிரக்கின் கண்ணாடி சடாரென்று இறங்கியது. "டேய்! ஃபோனுடா! ஓடுடா, பாவி!" ரூஃபஸ் அலறினான். அந்த நாளில் எம்மெட்டிடம் ஒரு மனிதன் நேருக்கு நேர் பேசிய முதல் பேச்சு அதுதான்.

மணி மறுபடி அடித்தது. பதினைந்து வருஷம் காத்திருந்த மணி. ஓடினால் பிடித்துவிடலாம், முழங்கால் ஒத்துழைத்தால். ஆனால் அவர் முதுகைக் காட்டிய கணமே இந்தக் கழுதை வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விடும், அதிலும் சந்தேகமில்லை. சாயங்காலம் முழுக்க அந்தச் சமையலறை, அந்தக் குளிர்பெட்டி. எம்மெட் டிரக்கை நோக்கி நடந்தார். மணி இன்னும் சில தடவை அடித்து ஓய்ந்தது.

கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். ரூஃபஸ் முகம் வெளிறிப்போயிருந்தான்.

"என்ன காரியம்டா பண்ணினே? அது அவங்களா இருந்தா?"

"அவங்களா இருந்தா இன்னொரு தரம் கூப்பிடுவாங்க. நீ ஏண்டா இங்க வந்து குளிர்ல விறைக்கிறே? உள்ள வந்து தொலைஞ்சா என்ன?"

"உள்ள வந்தா பேசணுமே."

"பேசினாத்தான் என்னடா?"

 ரேடியோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. மூன்று மணிச் செய்தியில் இரண்டு பெயர்களைப் படித்தார்கள். ஒருவன் எம்மெட்டோடு ஆடியவன், நல்லவன். கடைசியாக, அறிவிப்பாளர் போகிறபோக்கில், பிட்சர் எம்மெட் கொலாரிக் ஆறு ஓட்டில் வாய்ப்பைத் தவறவிட்டார், இது அவருக்குக் கடைசி ஆண்டு என்று சொல்லிவிட்டு வானிலைக்குப் போனார். ரூஃபஸ் ரேடியோவை அணைத்தான்.

ஆறு ஓட்டு. எம்மெட்டுக்குக் கண் கலங்கவில்லை. மடியில் கிடந்த வலது கை விரல்கள் மட்டும், பந்தைப் பிடிப்பது போல, தானாக வளைந்தன. 

வீட்டுக்குள் மறுபடி ஃபோன் அடித்தது. ஓய்ந்தது. உடனே இன்னொன்று. இனி எல்லாரும் கூப்பிடுவார்கள், இப்போது தடையில்லை. அவர் பாதி வழியில் நின்றபோது முதலில் அடித்தது நோரீன்தான், அப்பாவிடம் கத்திவிட்டோமே என்று மனசு கேட்காமல் கூப்பிட்டாள் என்பது சாயங்காலம் தெரிந்தது. டிரக்கில் இருந்த இருவரும் அசையாமல், திறந்த கதவிலிருந்து வந்த மணிச்சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ரூஃபஸ் தொண்டையைச் செருமினான். தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினான். கண்ணாடி துடைக்கப் போகிறான் என்றுதான் எம்மெட் நினைத்தார். அவனோ அதை மெதுவாக உயர்த்தி, கையுறையைப் பிடிப்பது போல, வாயை மறைத்துக்கொண்டு அவர் பக்கம் சாய்ந்தான். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"என்னடா போடப்போறே?" என்று கேட்டான்.

எம்மெட்டும் அவன் பக்கம் சாய்ந்தார். 

"வளைபந்து" என்றார்.

"ம்" என்றான் ரூஃபஸ், தொப்பிக்குப் பின்னாலிருந்து. "நானும் அதைத்தாண்டா சொல்லியிருப்பேன்."