மைலோவின் பின்னங்கால்

என் ஆட்டை முனியாண்டிக்கு நேர்ந்துவிட்ட சங்கதி இந்தத் தோட்டத்து லயத்து வீடுகளிலேயே எனக்குத்தான் கடைசியாகத் தெரிந்தது. நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

மைலோ என் ஆடு. ஊரார் ஆடு இல்லை, என் வீட்டுக்காரர் ஆடும் இல்லை. தாய் ஆடு குட்டி போட்ட கையோடு செத்துப்போக, போத்தலில் பால் ஊட்டி வளர்த்தவள் நான். மைலோ பானம் கலக்கின மாதிரி நிறம், அதனால் அந்தப் பேர். பகலெல்லாம் செம்பனை மரங்களுக்கு நடுவே மேய்ந்துவிட்டு, பொழுது சாய்ந்தால் யாரும் கூப்பிடாமலேயே என் வாசலில் வந்து நிற்கும்.

ஒருநாள் அப்படி வரவில்லை. தேடிக்கொண்டு போனால் வாய்க்கால் ஓரம் கிடக்கிறது. தோட்டத்தில் திரியும் நாய்க்கூட்டம் பின்னந்தொடையைக் கடித்துக் குதறியிருந்தது. கை நுழைகிற அளவுக்குப் புண். மாட்டு டாக்டர் ஊசி போட்டு ஊதா மருந்தும் கொடுத்தார். தினமும் கழுவ வேண்டும், ஈ உட்காரக் கூடாது, ஆறுவதற்கு மாதக்கணக்கில் ஆகும் என்றார்.

சரி என்று இறங்கினேன். வேப்பிலையும் மஞ்சளும் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரை வெதுவெதுப்பாக ஆறவைத்து, முதலில் முதுகில் கொஞ்சம் ஊற்றிச் சூட்டைப் பழக்கிவிட்டு, அப்புறம்தான் தொடைக்கு வருவேன். தண்ணீர் பட்டதும் அது உடம்பைச் சிலுப்புகிற சிலுப்பில் எனக்கும், கொம்பைப் பிடித்துக்கொள்ள வந்த பக்கத்து வீட்டுக் கிளாரிஸ்ஸாவுக்கும் தலையோடு கால் மஞ்சள் அபிஷேகம்.

"அக்கா, நம்ம ஆட்டக் குளிப்பாட்டுறமா, ஆடு நம்மளக் குளிப்பாட்டுதா?" என்பாள் கிளாரிஸ்ஸா.

சிலுப்பினால் மருந்து நிற்காது, புண் வாய் பிளந்துகொள்ளும். அடித்துப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். கடைசியில் வாழைப்பழம்தான் வேலைக்கு ஆனது. சிலுப்பாமல் நின்றால் பழம், சிலுப்பினால் கிடையாது. என்ன இருந்தாலும் என் வளர்ப்பில்லையா, கப்பென்று பிடித்துக்கொண்டது. போகப் போகக் கிளாரிஸ்ஸாவே தேவைப்படவில்லை. முதுகில் தண்ணீர் விழுந்தால் போதும், அசையாமல் நின்று, பின்னங்காலைத் தானே நீட்டிக் காட்டும். முடிந்ததும் என் கையை முகர்ந்து பழம் கேட்கும்.

இதற்கிடையில் வீட்டில் ஒரு அதிசயம் நடந்தது. அந்த ஆட்டுக்கு ஒரு தழை ஒடித்துப் போடாத என் வீட்டுக்காரர் சத்தியசீலன், வேலை விட்டு வந்ததும் வராததுமாக "புண்ணு எப்படி இருக்கு?" என்று கேட்க ஆரம்பித்தார். லோரி ஓட்டும் என் கொழுந்தன் லோகேஸ்வரன் கோலசிலாங்கூரிலிருந்து ஈ விரட்டும் மருந்தும் ஒரு சீப்புப் பழமும் வாங்கி வந்தான். "நல்லா பாத்துக்குங்க அண்ணி" என்றான். நான் உருகிப்போனேன். எவ்வளவு நல்ல குடும்பத்தில் வந்து விழுந்திருக்கிறோம் என்று கிளாரிஸ்ஸாவிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டேன். மடச்சி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசாரி ரெங்கசாமி வந்தார். குத்த வைத்து மைலோவின் தொடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாக் காஞ்சிட்டு வருதுலா. ஆடித் திருவிழாவுக்குள்ள தோலு மூடிரும். புண்ணோட இருந்தா சாமி ஏத்துக்காது" என்றார்.

"எந்தச் சாமி?" என்று கேட்டேன்.

பூசாரி என் வீட்டுக்காரரைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் கூரைத் தகரத்தைப் பார்த்தார்.

பிறகுதான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. அசாம் ஜாவா பக்கம் லோகேஸ்வரனின் லோரி கவிழ்ந்ததும், அவன் ஒரு கீறல் இல்லாமல் வெளியே வந்ததும் எனக்குத் தெரியும். பார்க்கப் போன என் வீட்டுக்காரர் அந்த இடத்திலேயே கையெடுத்துக் கும்பிட்டு, "வீட்ல வளர்ற கடாவ உனக்கு வெட்டுறேன் முனியாண்டி" என்று சொன்னது மட்டும் தெரியாது. நாய் கடிப்பதற்கு முன்பே என் ஆட்டின் கழுத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. அத்தனை விசாரிப்பும் அத்தனை பழமும் அதற்குத்தான்.

"உங்க தம்பி, உங்க சாமி, உங்க வாய். ஆடு மட்டும் என்னுதா? யாரக் கேட்டு நேந்தீங்க?"

"கத்தாத பிரேமலா. அக்கம்பக்கம் கேக்குது."

"கேக்கட்டும்! வேற கடா வாங்கி வெட்டுங்க. என் சங்கிலியக் கூடக் கழட்டித் தர்றேன்."

"இந்தக் கடான்னு வாய் விட்டுச் சொல்லிட்டேன். மாத்தி வெட்டி நாளைக்கு அவன் லோரிக்கு ஏதாச்சும் ஆனா, நீ பதில் சொல்லுவியா?"

அன்று நான் சமைக்கவில்லை. எல்லாரும் பட்டினி கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

என் ஆத்திரமெல்லாம் அந்தப் புண்ணின் மேல் திரும்பியது. ஆறினால் கத்தி, ஆறாவிட்டால் புழு. இதில் நான் எதற்காகக் கைவலிக்கத் துடைக்க வேண்டும்? மறுநாள் கழுவாமல் விட்டேன். மத்தியானத்துக்குள் ஈ மொய்த்துவிட்டது. சாயங்காலம் மைலோ நொண்டிக்கொண்டு வந்து, தண்ணீரே ஊற்றாமல் பின்னங்காலை நீட்டிக்கொண்டு என் முன்னால் நின்றது. பாவி ஆடு. அழுதுகொண்டே போய் அடுப்பில் தண்ணீர் வைத்தேன்.

"உங்க முனியாண்டிக்கு அவ்ளோ பசின்னா சொல்லுங்க அக்கா, நான் கடையில ஃபிரைட் சிக்கன் வாங்கித் தரேன்" என்றாள் கிளாரிஸ்ஸா. அவளையும் திட்டினேன். திட்டிக்கொண்டே சிரித்தும் விட்டேன்.

புண் ஆறியது. முடி முளைக்காத வழுவழுப்பான தழும்பு மட்டும் மிஞ்சியது. பூசாரி தடவிப் பார்த்துவிட்டுச் சரி என்றார். எனக்கு அவர் கையைத் தட்டிவிட வேண்டும் போலிருந்தது.

திருவிழா அன்று நீ வராதே என்றார் என் வீட்டுக்காரர். வளர்த்தவள் நான், வருவேன் என்றேன். தோட்டத்து எல்லையில் முனியாண்டி கோயில். உறுமி முழங்குகிறது, சாம்பிராணிப் புகை, ஆள் நிற்க இடமில்லை. லோகேஸ்வரன் என் கண்ணில் படாமல் தூணுக்குப் பின்னால் நின்றான். மைலோவின் கழுத்தில் மாலை போட்டுச் சாமிக்கு நேரே நிறுத்தினார்கள். கத்திக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தயாரானார்.

முதலில் தண்ணீர் ஊற்ற வேண்டும். கடா உடம்பைச் சிலுப்பினால்தான் சாமி உத்தரவு கொடுத்ததாக அர்த்தம். சிலுப்பாத கடாவை எங்கள் கோயிலில் யாரும் தொட மாட்டார்கள். பூசாரி செம்பை எடுத்தார். மஞ்சள் தண்ணீர், வேப்பிலை மிதந்தது. அந்த வாடை நான் நின்ற இடம் வரைக்கும் அடித்தது.

முதுகில் ஊற்றினார். மைலோ அசையவில்லை.

உறுமி இன்னும் வேகமாக முழங்கியது. மறுபடியும் ஊற்றினார். தண்ணீர் வயிற்று வழியாகச் சொட்டுகிறது, ஆடு அசையாமல் நிற்கிறது. அப்புறம் மெதுவாக, தழும்பு தெரிகிற அந்தப் பின்னங்காலை நீட்டிக் காட்டியது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நில்லுடா, அப்படியே நில்லு என்று மனதுக்குள் கத்தினேன்.

குடம் குடமாக ஊற்றினார்கள். பூசாரி சாமியிடம் கெஞ்சினார், மிரட்டினார், குற்றம் குறை இருந்தால் மன்னிக்கச் சொன்னார். சாமியும் பேசவில்லை, ஆடும் சிலுப்பவில்லை. கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது.

"காதுக்குள்ள ஊத்துங்க, சிலுப்பும்" என்றார் கத்திக்காரர்.

அவ்வளவுதான், எனக்குச் சாமி வராத குறை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனேன்.

"காதுக்குள்ள ஊத்துனா எவன்தான்டா தலைய ஆட்ட மாட்டான்? வா, உன் காதுல ஊத்துறேன், நீ ஆட்டாம நில்லு பாப்போம். ஆட்டுனா உன்ன வெட்டலாமா?"

உறுமி நின்றுவிட்டது. யாரோ சிரித்தார்கள். பூசாரி செம்பைக் கீழே வைத்தார்.

"முதுகுல ஊத்துறதுதான் மொற. உத்தரவு இல்ல. சாமிக்கு இந்தக் கடா வேணாம், அவுத்து விட்ருங்க. வேற வாங்கிக்கலாம்" என்றார்.

லோகேஸ்வரன் தூணுக்குப் பின்னாலிருந்து வந்து மாலையைக் கழற்றினான். கயிறு அவிழ்ந்ததும் மைலோ நேராக என்னிடம் வந்து கையை முகர்ந்தது. என் வீட்டுக்காரர், மைலோ நீட்டிக் காட்டிய அந்தக் காலையும், என் கையையும், என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"நீ என்னமோ பண்ணியிருக்க. என்ன பண்ண அந்த ஆட்ட?"

"புண்ண ஆத்துனேன். நீங்கதான ஆத்தச் சொன்னீங்க?"

பூசைத் தட்டிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து உரித்து, எல்லாரும் பார்க்க அதன் வாயில் கொடுத்தேன்.