கொடிக்குப் பின்னால்

மூன்று நாற்பதுக்கே வந்துவிட்டார், புரோக்கர் சொன்னது நாலு மணி, அந்த இருபது நிமிடம் வேண்டும் என்றுதான் வந்தார், விற்கிற வீட்டைப் பார்க்க ஆள் வருவதற்கு முன்னால் குடியிருப்பவர்கள் என்னென்ன செய்து வைப்பார்கள் என்று யாருக்குத் தெரியும், ஒரு ஜன்னலைச் சாத்தி வைத்தால் போதும், வீடு இருட்டாகிவிடும், ஒரு குழாயைச் சரியாக மூடாமல் விட்டால் போதும், சொட்டு சொட்டென்று வீடே ஒழுகுவது போல இருக்கும். எதிர்ச்சாரியில் சைக்கிள் கடை. அதன் தகரக் கூரைக்கடியில் நின்றுகொண்டார். "பஞ்சரா சார்?" என்றார் கடைக்காரர், சைக்கிளே இல்லாத மனிதனிடம், நக்கல்தான், வேறென்ன. "இல்ல, ஒருத்தர் வரணும்." "உங்க வீடு அங்க இருக்கு, நீங்க இங்க நிக்கிறீங்களே." ஓ, தெரிந்திருக்கிறது... அது யார் வீடு என்று இந்த ஆளுக்கு எப்படித் தெரியும், மாதம் ஒரு தடவை வாடகைக்கு வந்து வாசலோடு வாங்கிக்கொண்டு போகிறவரைப் பற்றி யார் சொன்னது, அவள்தான் சொல்லியிருப்பாள், அங்கே குடியிருக்கிற தையல்காரிக்குத் தெருவெல்லாம் வாடிக்கை, சட்டை தைக்கக் கொடுப்பவர்கள், பேன்ட் நீளம் குறைக்கக் கொடுப்பவர்கள், அளவெடுக்கிற சாக்கில் ஒவ்வொருவரிடமும் ஒரு வார்த்தை. வாசல் திறந்தது. அவள் புருஷன், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன், ஒரு பையோடு வெளியே வந்தான், தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான், வேகமாகப் போனான். ஏன் இப்போது போகிறான், போன தடவையும் அவன் இல்லை, அதற்கு முந்தின தடவையும் இல்லை, பேசுவதற்கு அவள் போதும் என்று விட்டுவிட்டுப் போகிறானா, இல்லை, வேன் எடுக்கிற நேரம்தான் இது... ஆனால் கையில் பை எதற்கு.

இதுவரை மூன்று தடவை ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். வாத்தியார் தம்பதி, மருந்துக் கடைக்காரர், பிறகு துறைமுகத்தில் வேலை பார்க்கிற ஒருவர், எல்லோருமே வரும்போது சிரித்துக்கொண்டுதான் வந்தார்கள், சமையலறையைப் பார்த்தார்கள், மாடிக்கு ஏறித் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார்கள், நடு அறைக்கு வந்தார்கள், அங்கே வந்ததும் ஏதோ நடந்தது, பேச்சு குறைந்தது, மரியாதை கூடியது, சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள், அனுப்பவில்லை. புரோக்கரை நெருக்கிக் கேட்டதில் அவன் தலையைச் சொறிந்தான். "வீட்டுல ஒரு குறையும் சொல்லல சார். என்னமோ மறைக்கிற மாதிரி இருக்குன்னு அந்த மருந்துக் கடைக்காரர் மட்டும் ஒரு வார்த்தை விட்டார்." மறைக்கிற மாதிரி. அப்படியென்றால் யாரோ எதையோ கோடி காட்டியிருக்கிறார்கள், முழுதாகச் சொல்லவும் இல்லை, சொல்லாமல் விடவும் இல்லை, அதுதான் கெட்டிக்காரத்தனம், முழுதாகச் சொன்னால் மாட்டிக்கொள்வாள். எட்டு வருடம் இருந்தவளுக்குப் போக மனசு வருமா, வாடிக்கையை விட்டுவிட்டு, நியாயம்தான், அவள் நியாயம் அவளுக்கு... அவருக்கு வெள்ளிக்கிழமை வரைதான் இருக்கிறது. மனைவிக்காக அவர் வாங்கப் பேசி வைத்திருக்கிற கீழ்த்தள வீட்டின் சொந்தக்காரர் வெள்ளிக்கிழமை வரை பொறுக்கிறேன் என்றார், அதற்கு மேல் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார், இன்று புதன். இரண்டு அறை, படியே இல்லை, தெருவிலிருந்து நேராக உள்ளே நடக்கலாம், ஒரு ரோஜாத் தொட்டி வைக்க இடம் உண்டு. அவர் மனைவி மூன்றாவது மாடியிலிருந்து இறங்கி எட்டு மாதம் ஆகிறது. முழங்கால் இரண்டும் போய்விட்டன, அந்தக் கட்டிடத்தில் லிஃப்ட் கிடையாது, கயிற்றில் கூடை கட்டி இறக்கித்தான் காய் வாங்குகிறாள், காய்காரரோடு மூன்று மாடி உயரத்துக்குக் கத்திப் பேரம் பேசுகிறாள், அந்தத் தெருவுக்கே அது ஒரு வேடிக்கை. இன்று கிளம்பும்போதும், "போய் வித்துட்டு வாங்க, நான் எங்கயும் ஓடிட மாட்டேன்" என்றாள். சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. போன வாரம் திரும்பி வந்தபோது முதுகில் ஏதோ எடுத்தாள், "சட்டையெல்லாம் நூலு ஒட்டியிருக்கு, எங்க போய்ச் சாஞ்சீங்க?" என்றாள். எங்கும் சாயவில்லை என்றார்.

அந்தச் சுவர். நடு அறையில் குளியலறைப் பக்கத்துச் சுவர், அதில் ஓதம், ஒரு ஆள் உயரத்துக்கு, பழுப்பாக, ஓரத்தில் உப்புப் பூத்து, விரலால் தொட்டால் மாவாக உதிரும். வீட்டை இவர்களுக்கு விடும்போது இருந்தது. ஆளை வைத்துச் சுரண்டிப் பார்த்திருக்கலாம், சுரண்டினால் எது எதுவரை போகுமோ என்று பயம், பெயின்ட் அடித்தார், இரண்டு கோட், காயும்வரை மின்விசிறியைத் திருப்பி வைத்தார், மறுநாள் சாவி கொடுத்தார். சுவரில் கை வைக்கக் கூடாது, ஆணி அடிக்கக் கூடாது, எதையும் இடிக்கவோ பூசவோ கூடாது என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார், ஆணி அடித்தால் அந்தப் பூச்சு பெயர்ந்து வந்துவிடும், அதற்காக. முதல் மழையிலேயே போன் வந்தது. "சார், நடு ரூம் செவுத்துல ஓதம் மாதிரி தெரியுது." "மழை நின்னா காஞ்சிடும்மா." "சரிங்க சார்." அவ்வளவுதான். அப்புறம் எட்டு வருடத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது, அதுதான் உறுத்தியது, ஒரு தடவை புகார் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறவன் அதை மறந்தவன் இல்லை, எடுத்து வைத்திருப்பவன், வேலையில் அவர் பார்க்காததா. அடுத்த தடவை எட்டிப் பார்த்தபோது ஜன்னல் கம்பியிலிருந்து கதவுக் கொண்டிக்கு ஒரு கொடி கட்டியிருந்தாள், ஆணி அடிக்காமல், அந்தச் சுவரை ஒட்டி, தைத்து முடித்த சட்டைகளை வரிசையாக மாட்டியிருந்தாள், சுவரே தெரியவில்லை. கூடத்தில் இடம் இல்லையா, வேறு சுவர் இல்லையா... மூடி வைத்திருக்கிறாள், நாளைக்கு வேண்டுமென்றால் திரையை விலக்குகிற மாதிரி விலக்குவாள். இரண்டு வருடம் முன்னால் பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்தார், உங்கள் வீட்டில் இரண்டு நாளாகக் கொத்தனார் ஒருவர் வந்து போகிறார் என்று. அடித்துப் பிடித்து வந்தார். அவள் தம்பிதான், கொத்தனார், சும்மா பார்க்க வந்தான் என்றாள். அக்காவைப் பார்க்க வருகிறவன் சட்டியும் கரணையுமாகவா வருவான். கதவுகளை எண்ணினார், சமையல் மேடையை விரலால் தட்டிப் பார்த்தார், மாடிப்படிக்கு அடியில் குனிந்து பார்த்தார், ஒன்றும் இடிக்கவில்லை, ஒன்றும் கட்டவில்லை. கொடிக்குப் பின்னால் மட்டும் பார்க்கவில்லை. அங்கே இருப்பதுதான் அவருக்குத் தெரியுமே, அவள் எதிரில் அதை விலக்கிப் பார்த்தால் பேச்சு அங்கிருந்து தொடங்கும்.

புரோக்கரின் ஸ்கூட்டர் வந்தது, பின்னால் ஆட்டோவில் இரண்டு பெண்கள். ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி, வேலை முடித்த கையோடு, வெள்ளைக் காலணியோடு, கூட அவள் மாமியார். நர்ஸ் என்றால் கண் கூர்மையாக இருக்கும், சே, வேறு ஆள் கிடைக்கவில்லையா இவனுக்கு. தெருவைக் கடந்தார். உள்ளே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது, இவர்கள் நுழைந்ததும் நின்றது, எப்போதும் இப்படித்தான், நிறுத்திவிட்டு எழுந்து அவரைப் பார்ப்பாள், வந்தவர்களைப் பார்க்க மாட்டாள், அவரைத்தான் பார்ப்பாள், என்ன பார்வை அது. ஜன்னல் திறந்திருந்தது. குழாய் மூடியிருந்தது. தரை கூட்டித் துடைத்திருந்தது, நூல்துண்டு ஒன்றுகூட இல்லை... இவ்வளவு சுத்தம் எதற்கு. முப்பத்தோரு வருடம் தராசும் படிக்கல்லும் சோதிக்கிற ஆய்வாளர் வேலை. கடைக்குள் நுழைந்ததும் அவர் தராசைப் பார்க்க மாட்டார், கடைக்காரன் எங்கே நிற்கிறான் என்று பார்ப்பார், குறைந்த கல் வைத்திருப்பவன் கல்லாவைவிட்டு நகர்ந்து ஒரு மூட்டைக்கு முன்னால் போய் நிற்பான், கையைக் கட்டிக்கொள்வான், "வாங்க சார், காத்து வருதா?" என்பான். கொஞ்சம் தள்ளி நில்லப்பா என்றால் போதும், மூட்டைக்குப் பின்னால் கல் இருக்கும். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. இவள் எங்கே நிற்கிறாள்? மிஷினுக்குப் பக்கத்தில். மிஷினுக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது, ஒன்றுமில்லை, ஒரு ஸ்டூல், கத்தரிக்கோல். தந்திரக்காரி.

"உக்காருங்கம்மா" என்று அந்த ஸ்டூலை மாமியாருக்கு இழுத்துப் போட்டாள். இதோ ஆரம்பித்துவிட்டாள். மாமியார் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு, "ஏம்மா, நீ சொல்லு, இவங்க விக்கிறவங்க, நல்லதாத்தான் சொல்வாங்க. இருக்கறவளுக்குத்தான் தெரியும். தண்ணி எப்படி?" என்றார். "தண்ணிக்குக் குறையே இல்லம்மா." "வெயில் காலத்துல?" "அப்பவும் வரும். என் வீட்டுக்காரர்தான் குளிக்க மாட்டாரு." மாமியார் சிரித்தார், நர்ஸும் சிரித்தாள், புரோக்கர் இவ்வளவு பெரிதாகச் சிரிக்க வேண்டியதில்லை. "அப்ப எதுக்கும்மா நீங்க காலி பண்றீங்க?" "நாங்க எங்க காலி பண்றோம், சார் விக்கிறாரு." குத்தல். நன்றாகவே குத்திவிட்டாள், இருக்கட்டும், இது மட்டும்தானா, இன்னும் வைத்திருப்பாள், எங்கே இறக்குவாள்... "எட்டு வருஷம் இருந்துட்டேன்மா. இந்த வீட்டுல எனக்கு ஒரு மனக்கஷ்டமும் இல்ல. வாங்கறவங்க கொடுத்து வெச்சவங்க." இது என்ன, எதற்கு இவ்வளவு புகழ்கிறாள், யாராவது இப்படிப் புகழ்வார்களா, இப்படிப் புகழ்ந்தால் கேட்கிறவருக்கே சந்தேகம் வராதா, அதற்குத்தான், அதேதான், வீட்டுக்காரர் சொல்லிக்கொடுத்துப் பேசுகிறாள் என்று அவர்கள் நினைக்கட்டும் என்று. நர்ஸ் நடு அறைக்கு நடந்தாள். அவர் அவளுக்கு முன்னால் நடந்தார். வழி காட்டுகிறவர் முன்னால் நடப்பதில் தப்பில்லை. வழக்கமான இடத்தில் போய் நின்றுகொண்டார், சட்டைகள் முதுகில் உரசின, புதுத் துணியின் கஞ்சி வாசனை. "நல்ல காத்தோட்டம் பாருங்க" என்றார். "ஆமா சார்." நர்ஸ் கூரையைப் பார்த்தாள், மூலைகளைப் பார்த்தாள், ஜன்னல் கொக்கியைப் போட்டு எடுத்தாள், பிடித்திருக்கிறது, முகம் சொல்கிறது, இங்கே கட்டில், இங்கே அலமாரி என்று மனசுக்குள் போட்டுக்கொண்டிருக்கிறாள்... வாங்கிவிடுவாள், வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கொடுத்துவிடுவாள், கடவுளே. பிறகு அவரைப் பார்த்தாள். "அந்தப் பக்கம் என்ன சார், பாத்ரூமா?" "பாத்ரூம்தான். பாத்துட்டீங்களே." "கொஞ்சம் நகருங்களேன், செவுத்தப் பாத்துக்கறேன்." "இங்க ஒண்ணுமில்லம்மா, அவங்க தச்ச துணி, அழுக்காயிடும்." கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிட்டார். நர்ஸ் நகரவில்லை. அவர் முகத்தையும், கட்டிக்கொண்டிருந்த கையையும் பார்த்தாள், வலிக்கவில்லை என்று சொல்கிற நோயாளியைப் பார்க்கிற மாதிரி. "சரி சார், பரவாயில்ல" என்றாள், மிகவும் மரியாதையாக. திரும்பி மாமியாரைப் பார்த்தாள், ஒரு பார்வைதான். மாமியார் ஸ்டூலை விட்டு எழுந்தார். "சொல்லி அனுப்பறோம்."

ஆட்டோ போய்விட்டது. புரோக்கர் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே, "நல்லாத்தான் சார் போய்க்கிட்டிருந்திச்சு" என்றான், யாரையும் பார்க்காமல், போய்விட்டான். தையல்காரி என்ன சொன்னாள், எப்போது சொன்னாள், ஒரு நொடிகூடக் கண்ணை எடுக்கவில்லையே, ஸ்டூல் போட்டபோதா, குனிந்து காதில் சொன்னாளா, இல்லை, காதுவரை போகவே இல்லை, கண்ணால் காட்டினாளா, நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பவே இல்லையே... மனைவியிடம் என்ன சொல்வது, இதற்குள் கூடையை இறக்கி வைத்துக்கொண்டு தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருப்பாள், நடையை வைத்தே கண்டுபிடித்துவிடுவாள். இன்று கேட்டுவிட வேண்டும், முகத்துக்கு நேராக, உனக்கு என்னம்மா வேண்டும் என்று. உள்ளே திரும்பிப் போனார். அவள் நடு அறையில் கொடியிலிருந்து சட்டைகளை எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள், ஐந்து மணிக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வருமாம், நாற்பது சட்டை, ஒன்றை எடுத்து உதறுவாள், கையை மடக்குவாள், அடுக்குவாள். அவர் வாசற்படியில் நின்றார், பழக்கம், அந்தப் பக்கம் பார்க்காமல் தரையைப் பார்த்தார், பிறகு அவள் கையைப் பார்த்தார், கை போன இடத்தைப் பார்த்தார். பாதிக் கொடி காலியாக இருந்தது. சுவர் இருந்தது. மற்ற மூன்று சுவர்களைப் போலவே, அதே வெளிர்நீலத்தில், பழுப்பு இல்லை, உப்பு இல்லை. அவள் கடைசிச் சட்டையை எடுக்கும்வரை நின்றார். கிட்டப் போய்க் கையை வைத்தார், உதிரவில்லை, நல்ல கரணை, ஓரம் தெரியாமல் இழுத்திருக்கிறான், ஈரமே இல்லை, சுவர் லேசாகச் சூடாகக்கூட இருந்தது.

"அதுவா சார்? ரெண்டு வருஷம் முன்னாடியே என் தம்பி சரி பண்ணிட்டான். பாத்ரூம் குழாய் மூட்டுல கசிவு, அவ்வளவுதான். கை வைக்கக் கூடாதுன்னு எழுதி வாங்கியிருந்தீங்களா, அதான் சொல்லல. கோச்சுக்காதீங்க."

அவர் கையை எடுக்கவில்லை. வாத்தியார் தம்பதி, மருந்துக் கடைக்காரர், துறைமுகக்காரர், இப்போது இந்த நர்ஸ்... எல்லோரும் இந்த அறையில் எதைப் பார்த்தார்கள். அவள் சட்டை அடுக்கைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள், அவர் முதுகிலிருந்து ஒரு நூலை எடுத்துக் கீழே போட்டாள்.

"ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன் சார். யார் வீடு பாக்க வந்தாலும் நீங்க ஏன் இந்தச் செவுத்த மறைச்சுக்கிட்டே நிக்கிறீங்க?"