வெட்டாத வக்கடை

முனாப் வயலுக்கு மருந்தடித்த மறுநாளே மாரி கொட்டத் தொடங்கியது. பச்சைப்புழுவுக்கென்று அந்த வருஷம்தான் புதிதாக வந்த எண்ணெய் மருந்து. புழு செத்துவிட்டது, இப்போது பயிர் மூழ்கிக்கொண்டிருந்தது. வரம்பில் வக்கடை வெட்டி, அந்தத் திறப்பால் தண்ணீரைக் கடலைத் தொடும் ஓடையான தோணாவுக்கு வடியவிட்டால் பயிர் தப்பும். அவர் மண்வெட்டியை ஓங்கியபோது, தோணாவில் வலைவீசிப் பிழைக்கும் கிறகரி ஒரு பானையும் கையுமாகச் சேற்றில் வழுக்கி வழுக்கி ஓடிவந்தான்.

"காக்கா, வெட்டாதீங்க! தோணாவுக்குள்ள மணலை மீன்குஞ்சு ஏறிக் கிடக்கு."

"இவ்வளவு மழைத்தண்ணி கலந்த பொறகு மருந்து எங்க நிக்கப்போகுது?"

கிறகரி பானையை வரம்பில் வைத்தான். பானையில் குஞ்சுகள் துள்ளிக்கொண்டிருந்தன. வயல் தண்ணீரைச் சிரட்டையால் மொண்டு அதற்குள் ஊற்றினான். குஞ்சுகள் கிறுகிறுவென்று சுழன்றன. பிறகு வாயைப் பிளந்து, வெள்ளை வயிறு தெரிய மிதந்தன.

முனாப் தன் கைகளைப் பார்த்தார். "யா அல்லாஹ்! இந்தத் தண்ணியிலதானே காலையில வாய் கொப்பளிச்சு, முகம் கழுவி வுழு எடுத்தேன்."

"கொஞ்ச நாள் மறிச்சு வையுங்க காக்கா. மருந்து சாகட்டும்."

"பயிர் அழுகினா எண்ட புள்ளைகள் என்னத்தத் திங்கிற?"

"குஞ்சு செத்தா எண்ட புள்ளைகளும் அதத்தான் கேக்கும்."

முனாப் மண்வெட்டியைத் தாழ்த்தினார். வரம்பு கசிந்த இடமெல்லாம் இருவரும் களிமண் அப்பினார்கள். மழை விடுகிறதாயில்லை. நாற்று நுனி மட்டும்தான் வெளியே தெரிந்தது. பாதி வேலையில் முனாப் திடீரென்று நிமிர்ந்தார்.

"ஜவுபரும் இதே மருந்துதான் அடிச்சவன்!"

கிறகரி பானையைத் தூக்கிக்கொள்ள, இருவரும் பக்கத்து வயலுக்கு ஓடினார்கள். ஜவுபர் வரம்பில் நின்று பீடி பற்றவைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காலடியில் வக்கடை வாய் திறந்து கிடந்தது.

"விடியவே வெட்டிட்டேனே. ஏன், என்ன நடந்த?"

முனாப் அந்த வாயை மண்ணால் அடைத்தார். பானையில் செத்து மிதந்த குஞ்சுகளைப் பார்த்ததும் ஜவுபரும் குனிந்து மண் அள்ளினார்.

முனாபின் பள்ளத்துப் பயிர் அழுகித்தான் போனது. தோணாவில் ஜவுபரின் வயலோரக் கரை முழுக்கக் குஞ்சுகள் செத்து ஒதுங்கின. எதிர்க்கரையில் மட்டும் கொஞ்சம் உயிரோடு நின்றன. முனாப் தினமும் அஸர் தொழுதுவிட்டு அங்கே போய்ப் பார்த்தார். வயலில் இன்னும் மருந்துத் தண்ணீர் நின்றது. வானமோ இருட்டிக்கொண்டே இருந்தது; இன்னொரு மழை கொட்டினால் வரம்பு தாங்காது.