பத்து நிமிடத்துக்கு ஒரு சாண்

தள்ளுவண்டி நசுங்கிய அன்று யார்டில் நான் ஒருவன்தான் இருந்தேன். அதனால் வேறு யார் தலையிலும் பழியைப் போட முடியவில்லை.

ஊரில் வெட்டிப்போடும் கிளைகளும் கூட்டி அள்ளும் சருகும் வந்து உரமாகிற இடம் எங்கள் யார்டு. பத்தொன்பது வருடம் இரண்டே பேர் பார்த்தோம். முன்னால் பக்கெட் வைத்த டிராக்டரை என் கூட்டாளி ஓட்டினான். வாய் மூடாமல் பேசுவான் என்பதால் எல்லோருக்கும் அவன் ரேடியோ. சல்லடை இயந்திரமும் பதிவேடும் என் பொறுப்பு. எதையும் எழுதி வைக்காமல் விடமாட்டேன் என்று அவன் எனக்குக் குமாஸ்தா என்று பெயர் வைத்திருந்தான். முழங்கால் தேய்ந்துபோய், இரண்டு மாதம் முன்பு அவன் வேலையை விட்டு மகன் வீட்டோடு போய்விட்டான்.

அதற்குப் பிறகு டிராக்டரும் நான்தான், சல்லடையும் நான்தான். மதியம் தகரக் கூரை அறையில் சாப்பிட எனக்கு ஆறு நிமிடம் ஆகிறது. அவன் இருந்தபோது முக்கால் மணி நேரம் ஆகும். மீதி நேரத்தில் என்ன செய்வது என்று தெரியாமல் டப்பாவை இரண்டு தரம் கழுவுவேன்.

அன்று பக்கெட் நிறைய உரத்தை அள்ளி, தலைக்கு மேல் தூக்கி நிறுத்திவிட்டு எஞ்சினை அணைத்தேன். அறையில் போன் அடித்தது. பேசி முடித்து, அப்படியே மாதப் பதிவேட்டையும் எழுதினேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். வெளியே வந்து பார்த்தால், பக்கெட் தள்ளுவண்டியின் மேல் உட்கார்ந்திருந்தது. வண்டி தட்டு மாதிரி ஆகிவிட்டது. சத்தம்கூடக் கேட்கவில்லை.

மறுநாள் மேற்பார்வையாளர் வந்தார். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர், நல்ல பெண். நசுங்கிய வண்டியைச் சுற்றி ஒரு முறை நடந்தார்.

"அண்ணே, அவர் ஓட்டுனப்ப ஒரு புகார் வந்ததில்ல. நீங்க ஏறி ரெண்டு மாசம்தான் ஆகுது."

"லீவரை நான் தொடக்கூட இல்ல மேடம். அதுவா இறங்கியிருக்கு."

"சரி. வெள்ளிக்கிழமைக்குள்ள படிவம் வேணும்." குரலைத் தணித்துக்கொண்டார். "கவனக்குறைவுன்னு எழுதிக் குடுத்தீங்கன்னா ஒரு எச்சரிக்கையோட போயிரும். டிராக்டர்ல பழுதுன்னு எழுதினா, அத எடுத்துட்டுப் போயிருவாங்க. வேற வண்டி எப்ப வரும்னு எனக்கே தெரியாது. யார்டை மூடிட்டு உங்களைப் பெரிய டிப்போவுக்குத்தான் அனுப்பணும்."

"திங்கக்கிழமை எனக்குத் துணைக்கு ஆள் வருதுன்னு சொன்னீங்களே."

"யார்டு இருந்தா வருவார்."

அவர் போன பிறகு, பக்கெட்டைத் தூக்கித் தாங்குகிற எண்ணெயின் அளவைப் பார்த்தேன். சரியாக இருந்தது. அந்த எண்ணெய் போகிற ரப்பர் ஹோஸ் எல்லாவற்றையும் பழைய செய்தித்தாளால் துடைத்தேன். ஒரு சொட்டு ஈரம் இல்லை. வெளியே ஒழுகவில்லை என்றால் எண்ணெய் உள்ளேயே எங்கோ திரும்பிப் போகிறது.

மறுபடி உரத்தை அள்ளி, பக்கெட்டை மார்பு உயரத்துக்குத் தூக்கி நிறுத்தினேன். பக்கத்துச் சுவரில் சாக்குக்கட்டியால் கோடு போட்டுவிட்டு, தள்ளி ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தேன். கண்ணால் பார்த்தால் அசைவதே தெரியாது. கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் கோட்டுக்குக் கீழே இருக்கும். பத்து நிமிடத்துக்கு ஒரு சாண். இரண்டு தரம் அளந்தேன், இரண்டு தரமும் அதே கணக்கு. பக்கத்தில் ஆள் இருந்தால் இதற்கு ஒரு பந்தயம் கட்டியிருப்போம்.

வீட்டுக்குப் போனபோது மனைவி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஆஸ்பத்திரியில் மாலை ஷிஃப்ட். நாங்கள் ஒரு நாளில் பேசுவது அந்த வாசலில்தான்.

"என்ன, இன்னிக்கும் உங்க வண்டி உக்காந்துருச்சா?"

"எங்க இருந்து இறங்குதுன்னு கண்டுபிடிக்கணும்."

"கண்டுபிடிச்சு?"

"கண்டுபிடிச்சு எழுதினா யார்டு போயிரும்."

"எழுதாம விட்டா நடுராத்திரியில எழுந்து உக்காருவீங்க. அந்தக் கட்டில் போடுற சத்தத்துல என் தூக்கமும் சேர்ந்து போகும்." குடையை எடுத்துக்கொண்டாள். "சோறு அடுப்பு மேல இருக்கு. சூடு பண்ணிச் சாப்பிடுங்க, அப்படியே அள்ளிப் போட்டுக்காதீங்க." படியிறங்கிப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை முக்கியமான சோதனை. பக்கெட் தானாக இறங்கினால் எல்லோரும் முதலில் சொல்வது, சிலிண்டருக்குள் எண்ணெய் கசியாமல் அடைக்கிற ரப்பர் சீல் போய்விட்டது என்று. எனக்கும் அதுதான் ஆசை. சீல் என்றால் சின்ன வேலை, இங்கேயே மாற்றலாம். யார்டை மூட வேண்டாம்.

பக்கெட்டை ஓர் அடி உயரத்தில் மட்டும் நிறுத்தினேன். மீறி விழுந்தால் தாங்கட்டும் என்று அடியில் தடித்த மரக்கட்டைகளைப் போட்டேன். சுமையைத் தாங்குகிற எண்ணெய் சிலிண்டரின் அடிப்பக்கத்தில் நிற்கும். மேல்பக்கத்து ஹோஸில் அழுத்தம் இருக்காது. அந்த மேல் ஹோஸைக் கழற்றி, சிலிண்டரில் திறந்த துளைக்கு நேராக ஒரு காலி டின்னைப் பிடித்தேன். சீல் போயிருந்தால் அடியில் இருக்கிற எண்ணெய் கசிந்து மேலே வந்து டின்னில் கொட்டும். ஹோஸில் தங்கியிருந்தது ஒரு கரண்டி விழுந்தது. பிறகு ஒன்றும் இல்லை. பக்கெட் நாலு விரல் இறங்கிவிட்டது, டின் அப்படியே இருந்தது. துளையில் விரலை வைத்துப் பார்த்தேன். எண்ணெய் வரவில்லை, காற்றை உள்ளே இழுத்தது. இன்னொரு சிலிண்டரிலும் அதே கதை.

சீல் இரண்டும் நன்றாக இருக்கின்றன. எண்ணெய் வால்வு வழியாகத் திரும்புகிறது.

பக்கெட்டைத் தரையில் படுக்க வைத்து, லீவருக்குக் கீழே இருந்த வால்வின் மூடியைக் கழற்ற ஸ்பானரைப் போட்டேன். போட்டதுமே கை நின்றுவிட்டது. போல்ட் தலைகளில் ஏற்கெனவே ஸ்பானர் பட்ட தழும்பு இருந்தது. அதன் மேல் யாரோ பெயின்ட் அடித்திருந்தார்கள். அந்தப் பெயின்டும் பழசாகி உரிந்திருந்தது. உள்ளே, முன்னும் பின்னும் நகர்கிற ஸ்பூல் தண்டில் நீளமாக ஒரு கோடு தேய்ந்து பளபளத்தது. இதை மாற்றத்தான் வேண்டும். இங்கே செய்கிற வேலை இல்லை.

எனக்கு அந்தக் கோட்டைவிடப் பெயின்ட்தான் உறுத்தியது. யார்டின் சாவி இரண்டே பேரிடம்தான் இருந்தது.

ரேடியோவைக் கூப்பிட்டேன். பின்னால் குழந்தைகள் கத்துவது கேட்டது.

"யாரு, குமாஸ்தாவா? உயிரோட இருக்கியா? பத்தாவது மாடியில உக்காந்து ஆகாசத்தப் பாத்துட்டு இருக்கேன்டா. கீழ மனுசங்க எறும்பு மாதிரி இருக்காங்க. லிஃப்ட்ல ஒருத்தன்கிட்ட வானிலை பேசினேன், மூணாவது மாடியில இறங்க வேண்டியவன் ரெண்டாவதுலயே இறங்கிட்டான்."

"யோவ், பக்கெட் இறங்குது."

பேச்சு நின்றது. அவன் பேச்சு அப்படி நின்று நான் கேட்டதில்லை.

"எவ்வளவு?"

"பத்து நிமிஷத்துக்கு ஒரு சாண்."

"என் காலத்துல அரைச் சாண்தான்." மெதுவாகச் சொன்னான். "நாலு வருஷமா இறங்குதுடா. ஒரு நாள் நீ லீவு போட்டப்ப தொறந்து பாத்தேன். தண்டு தேஞ்சிருந்துச்சு. மூடிட்டேன்."

"எங்கிட்ட சொல்லல."

"சொன்னா எழுதியிருப்ப."

"எழுதியிருப்பேன்."

"அப்பறம்? வண்டி போயிருக்கும். நீ ஒரு மூலை, நான் ஒரு மூலை. அங்க எவன்டா என் பேச்சக் கேப்பான்? நாலு வருஷம் சும்மா கெடச்சதா நெனச்சுக்க." பிறகு சொன்னான், "உன்ன ஒரு நாளும் அதுக்கு அடியில விட்டதில்ல. யோசிச்சுப் பாரு."

யோசித்தேன். உண்மைதான். ஒன்றுக்குப் போவதென்றாலும் பக்கெட்டைத் தரையில் வைத்துவிட்டுத்தான் இறங்குவான். சுத்தமான வேலைக்காரன் என்று நான்கூட மேடத்திடம் சொல்லியிருக்கிறேன். என்னை அவன் அத்தனை கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். ஆனால் பல்வலியிலிருந்து மருமகள் போட்ட சண்டை வரை எல்லாவற்றையும் சொன்னவன், பக்கத்திலேயே இருந்த என்னிடம் இதை மட்டும் சொல்லவில்லை. அந்த நாலு வருடமும் இதில் நான் தனியாகத்தான் இருந்திருக்கிறேன். அது இப்போதுதான் எனக்குத் தெரிகிறது.

தள்ளுவண்டி நசுங்கியதையும், மேடம் கேட்ட படிவத்தையும், திங்கட்கிழமை வரப்போகிற ஆளையும் சொன்னேன். "கவனக்குறைவுன்னு எழுதிட்டு இருடா," என்றான். "திங்கக்கிழமை ஆள் வருதுல்ல? உனக்கும் பேச்சுத்துணை ஆச்சு."

"அவன் அடியில போய் நிப்பான்."

"சொல்லி வை."

"நூறு நாள் ஞாபகம் வச்சிருப்பான். நூத்தியோராவது நாள் நான் பதிவேடு எழுதிட்டு இருப்பேன்."

"என் பேர எழுதுவியா?" என்று கேட்டான்.

"எப்ப இருந்துன்னு படிவத்துல கேட்டிருக்கு. எப்படித் தெரியும்னும் கேட்டிருக்கு."

"எழுதிக்க," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை மேற்பார்வையாளர் நின்றபடியே படிவத்தைப் படித்தார். டின் சோதனை, தேய்ந்த தண்டு, நாலு ஆண்டு, முன்பு ஓட்டியவர் சொன்னது, எல்லாம் இருந்தது. கடைசி வரியில், பக்கெட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு நான் அறைக்குப் போனது தவறு என்றும் எழுதியிருந்தேன்.

"அவரைக் கூப்பிட்டுக் கேள்வி கேப்பாங்க அண்ணே."

"கேக்கட்டும் மேடம். அவருக்குப் பேசப் பிடிக்கும்."

அவர் சிரிக்கவில்லை. "வேணும்னா வேற படிவம் தரேன். இன்னும் நேரம் இருக்கு."

"இதே இருக்கட்டும்."

திங்கட்கிழமை துணைக்கு ஆள் வரவில்லை. டிராக்டரை ஏற்றிப்போக நீள லாரி ஒன்று இரண்டு பேரோடு வந்தது. சங்கிலி கட்டுவதற்காகப் பக்கெட்டைக் கொஞ்சம் தூக்கச் சொன்னார்கள். அதில் ஒருவன் சங்கிலியோடு நேராக அடியில் குனிந்தான்.

"தம்பி, வெளிய வா. கட்டையப் போட்டுட்டு அப்பறம் போ."

"ரெண்டு நிமிஷ வேலைண்ணே."

"வெளிய வா."

முனகிக்கொண்டே வந்தான். நானே கட்டைகளை அடுக்கினேன். அவர்கள் கட்டி முடிக்கிற வரை லீவரில் கை வைத்தபடி இருக்கையிலேயே இருந்தேன்.

லாரி போன பிறகு சல்லடைக்குத் தார்ப்பாய் போட்டு மூடினேன். மின்சாரத்தை நிறுத்தினேன். டிராக்டர் நின்ற இடத்தில் தரை காய்ந்து, சக்கரத் தடம் மட்டும் ஆழமாக இருந்தது. கேட்டைப் பூட்டிவிட்டு, அதற்கு வெளியே நின்று ரேடியோவைக் கூப்பிட்டேன். வண்டி பத்திரமாக ஏறிப் போனதைச் சொல்லலாம் என்று நினைத்தேன். முழுதும் அடித்து நின்றது. குளித்துக்கொண்டிருப்பான் என்று கொஞ்ச நேரம் பொறுத்து இன்னொரு தரம் கூப்பிட்டேன். இந்த முறை இரண்டே தடவை அடித்ததும் கட் ஆனது.

சாவியை ஒப்படைக்க டிப்போவுக்கு நடந்தேன். கொஞ்ச தூரம்தான்.