வாளி, குதிரை, ஜன்னல், மிளகு, தொப்பி

1

இந்தக் கதை ஓர் அழைப்பிதழால் வந்தது. எங்கள் ராணுவக் கல்லூரியின் கால்பந்து அணி ஆறு ஆட்டங்கள் வென்ற பருவத்தை நினைத்து இப்போது விருந்து வைக்கிறார்களாம். அழைப்பிதழை இழுப்பறைக்குள் போட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன். இதில் வரும் மெரடித் நான்தான். 'நான்' என்று எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு வரைவிலும் அவள் கொஞ்சம் நல்லவளாகிவிடுகிறாள். ஆகவே 'அவள்'.

2

முதல் தொடக்கம்: நவம்பர் மாலையின் பொன்னொளியில் மைதானம்

(அடித்துவிட்டேன். அன்று தூறல்.)

இரண்டாவது: மெரடித் உயிரியல் மாணவி, அணியின் மருத்துவ உதவியாளர். எங்கள் நாட்டுக் கால்பந்து ஹெல்மெட் மாட்டிக்கொண்டு மோதும் ஆட்டம்; காலைவிடத் தலைக்கு வேலை அதிகம். தலையில் அடிபட்டு வருபவனிடம் அவள் ஐந்து சொற்களைப் படிப்பாள். அவன் திருப்பிச் சொல்ல வேண்டும். தவறினால் அன்று ஆட முடியாது. அட்டையின் முன்பக்கம் ஒரு பட்டியல், பின்பக்கம் இன்னொன்று. அவள் பருவம் முழுவதும் முன்பக்கத்தையே படித்தாள்.

(ஆழமான காரணம் ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன். அட்டையைத் திருப்பச் சோம்பல், அவ்வளவுதான்.)

அக்டோபருக்குள் அணிக்கே அது மனப்பாடம். சாப்பாட்டுக் கூடத்தில் டோபின் ரஸ்க் அவளைக் கண்டாலே ஆரம்பிப்பான்.

"டாக்டரம்மா, வாளி, குதிரை, ஜன்னல், மிளகு, தொப்பி. மண்டை நல்லாத்தான் இருக்கு. உன் கேக்க இந்தப் பக்கம் தள்ளு."

அவள் சிரித்துக்கொண்டே தள்ளுவாள். அவளிடம் அங்கே பேசியவன் அவன் ஒருவன்தான்.

3

கடைசி ஆட்டம். அதுவரை ஐந்து வெற்றி, ஐந்து தோல்வி; இதை வென்றால்தான் வெற்றிப் பருவம். டோபின் ஹெல்மெட்டோடு ஹெல்மெட் மோதி விழுந்தான். எழுந்து எதிரணியின் பெஞ்சை நோக்கி நடந்தான். யாரோ தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டார்கள்.

"வாளி," என்று தொடங்கினாள் மெரடித்.

"குதிரை, ஜன்னல், மிளகு, தொப்பி. போதுமா? விடு, மெர்."

"இன்னைக்கு யார்கூட ஆடுறோம்?"

"அவனுங்ககூடத்தான்," என்றான். பார்வை அவள் காதுக்குப் பின்னால் எங்கோ இருந்தது.

அவள் 5/5 என்று எழுதினாள்.

அணிக்குப் பொறுப்பான மேஜர் ப்ரூயிட் வந்தார். "எல்லாம் சரியா, கேடட்?"

எங்கள் கல்லூரியில் இது நலம் விசாரிப்பதல்ல. பதில் சத்தியத்துக்குச் சமம்; பொய்யென்று தெரிந்தால் மறுநாளே பெட்டியைக் கட்ட வேண்டும்.

"எல்லாம் சரி, சார்."

4

மாற்று முடிவு: அவள் அட்டையைத் திருப்புகிறாள். டோபின் இரண்டு சொல்லோடு நின்றுவிடுகிறான். அணி தோற்கிறது. அவன் அவளோடு பேசுவதை நிறுத்துகிறான். பிறகு ஒரு நாள் அவன்

(இதற்கு மேல் எழுத எனக்கு உரிமை இல்லை.)

நடந்தது: அவன் மைதானத்துக்குத் திரும்பப் போனான். இன்னொரு முறை மோதினான். வென்றோம். அவன் தலைக்காயம் பற்றிய விசாரணையில் அந்த 5/5 காகிதத்தைப் பார்த்தார்கள். அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை.

5

சென்ற மாதம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதென்று மெரடித் புறப்பட்டுப் போனாள். டோபின் இப்போது அக்கா பிரெண்டாவின் வீட்டில் இருக்கிறான்.

"உன் பேரு அவனுக்கு வராது, கண்ணு. மனசுல வச்சுக்காத," என்று சொல்லிவிட்டு பிரெண்டா காபி போடப் போனாள்.

அவன் மெரடித்தை வெகுநேரம் பார்த்தான்.

"வாளி," என்றான். "குதிரை, ஜன்னல், மிளகு, தொப்பி." பிறகு, "நான் போகலாமா?"

அவள் அழுதாள் (முதல் வரைவு). அழவில்லை (உண்மை).

சமையலறையிலிருந்து பிரெண்டா குரல் கொடுத்தாள். "அங்க எல்லாம் சரியா, கண்ணு?"

பதிலை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அவளை மறுபடி நல்லவளாக்கிவிடுவேன். கீழே ஒரு வரி விட்டிருக்கிறேன். நீங்கள் நிரப்புங்கள். ஆனால் 'அவள்' என்று எழுத வேண்டாம். 'நான்' என்று தொடங்குங்கள்.

" . . . . . . . . "