ஈறு நிறப் பந்தயக் கார்

என் அக்கா வீட்டுக்காரர் இருபத்தாறு வருடம் பேருந்து ஓட்டியவர். ஒரு நாள் காலையில் முன்கண்ணாடியின் நடுவே அழுக்கு அப்பியிருப்பதாக நினைத்து, வண்டியை ஓரங்கட்டி இறங்கிப் போய்த் துடைத்தார். மறுபடி ஏறி உட்கார்ந்தால் அழுக்கு அதே இடத்தில் இருந்தது. மூன்றாவது முறை துணியை எடுத்தபோது நடத்துநர் வந்து, கண்ணாடி பளிச்சென்றுதான் இருக்கிறது என்று சொன்னார். அழுக்கு கண்ணாடியில் இல்லை என்பது அப்போதுதான் அத்தானுக்கு உறைத்தது.

நேரே பார்க்கும் பார்வை இரண்டு கண்ணிலும் போய்க்கொண்டிருக்கிறது, ஓரப்பார்வை மட்டும் மிஞ்சும் என்றார் மருத்துவர். அத்தான் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குப் போகவில்லை. நேரே பணிமனைக்குப் போய், யாரும் கேட்பதற்கு முன்பே வண்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு எட்டு மாதம் கூடத்து நாற்காலியில்தான் இருந்தார். புலம்பவில்லை, கோபப்படவும் இல்லை. அதுதான் அக்காவுக்குப் பயமாக இருந்தது. "கத்தினாலாவது பதிலுக்குக் கத்தலாம். இவர் சாப்பிட்ட தட்டைக் கழுவி வச்சுட்டு உக்காந்துக்கிறார்டா" என்று என்னிடம் சொல்லி அழுதாள்.

நான் லிஃப்ட் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு வேறு ஒரு பைத்தியம். மெத்தைக் கடைக்கு மேலே இருக்கும் காலிக் கூடத்தில் நானும், தபால்காரர், முடிதிருத்துபவர் என்று நண்பர்கள் சிலரும் சேர்ந்து ஸ்லாட் கார்களுக்கு ஒரு மரத்தடம் அமைத்திருக்கிறோம். தடத்தில் ஆறு பள்ளக்கோடுகள் ஓடும். ஒவ்வொரு கோட்டின் இருபுறமும் செப்புப் பட்டை பதித்து மின்சாரம் விட்டிருக்கும். உள்ளங்கை நீளமுள்ள காரின் அடியில் ஒரு சிறிய நாக்கு உண்டு. அது பள்ளத்தில் இறங்கிக்கொண்டால் கார் அந்தக் கோட்டிலேயே போகும். கையில் இருக்கும் விசையை அழுத்தினால் வேகம், விட்டால் நிதானம். வளைவில் விட மறந்தால் கார் பறந்து யார் மேலாவது விழும். ஐம்பது வயதை நெருங்கும் ஆண்பிள்ளைகள் செய்கிற காரியமா இது என்று எங்கள் வீடுகளில் கேட்காத நாள் கிடையாது.

ஒரு நாள் அத்தான் அலமாரியின் மேலிருந்து ஒரு அட்டைப் பெட்டியை இறக்கி, என் மடியில் வைத்தார். பழைய பந்தயக் கார் ஒன்றின் மாடல் கிட், துண்டுகளை ஒட்டிச் சேர்த்துச் செய்யும் பொம்மை. வேலைக்குச் சேர்ந்த வருடம் வாங்கியதாம். நேரம் கிடைக்கும்போது செய்யலாம் என்று வைத்து, நேரமே கிடைக்காமல் போயிருக்கிறது. பெட்டியின் ஓரங்கள் பழுப்பேறியிருந்தாலும், உள்ளே பிளாஸ்டிக் துண்டுகள் சட்டத்திலிருந்து பிய்க்கப்படாமல் அப்படியே இருந்தன.

"மாப்ள, இது உங்க தடத்துல ஓடுமா?" என்று கேட்டார்.

எட்டு மாதத்தில் அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான். ஆனாலும் நான் உண்மையைச் சொன்னேன். அது அலமாரியில் வைத்து அழகு பார்க்கும் பொம்மை, ஓடுவதற்குச் செய்தது அல்ல. இத்தனை வருடத்தில் பிளாஸ்டிக்கும் அப்பளம் மாதிரி ஆகியிருக்கும். ஒரு முறை சுவரில் மோதினால் நொறுங்கிவிடும்.

சமையலறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "அச்சு எடுத்துக்கலாமே."

அக்காவுக்குப் பல்செட் செய்வதுதான் தொழில். பல் மருத்துவர்கள் அனுப்பும் வாய் அளவுகளை வைத்து, இரண்டு தெரு தள்ளியிருக்கும் ஓர் அறையில் நாள் முழுக்கப் பல் கட்டுவாள். சிலிகோன் ரப்பரில் அச்சு எடுப்பதும், ஊற்றினால் இறுகிக்கொள்ளும் ரெசினைக் குமிழி வராமல் வார்ப்பதும் அவளுக்குக் கைவந்த கலை. பழைய கிட்டை ஒட்டி ஒரு முழு உடலாக்கி, அதன் மேல் சிலிகோன் ஊற்றி அச்சு எடுத்து, அந்த அச்சில் மெல்லிசாக ரெசினை வார்த்தால் ஓடுவதற்குத் தெம்பான இன்னொரு உடல் கிடைக்கும். பழையது பத்திரமாக இருக்கும்.

ஒட்டுவது தன் வேலை என்று அத்தான் சொல்லிவிட்டார். கோழி பார்ப்பது போல முகத்தை ஒரு பக்கம் திருப்பி, கடைக்கண்ணால் துண்டைப் பிடித்துப் பார்ப்பார். பாதி கண், மீதி விரல். வலது பாதியையும் இடது பாதியையும் சேர்க்க மட்டும் பதினொரு நாள் ஆயிற்று. நான் போகும்போதெல்லாம் சட்டையில் பசை காய்ந்திருக்கும். ஒரு முறை கட்டைவிரலும் சுட்டுவிரலும் ஒட்டிக்கொண்டு, அக்கா வெந்நீரில் முக்கிப் பிரிக்க வேண்டியிருந்தது. அன்று அவர் சிரித்ததாக அவள் எனக்குத் தனியாக போன் போட்டுச் சொன்னாள்.

உடல் சேர்ந்தது. ஆனால் மூக்கிலிருந்து ஓட்டுநர் இருக்கை வரை போகும் இணைப்பில் ஒரு பக்கம் முடியளவு உயர்ந்து ஒரு மேடு நின்றுவிட்டது. பக்கவாட்டில் பசை வழிந்த தழும்பு வேறு. அந்த மேட்டோடும் தழும்போடும் அக்கா அச்சு எடுத்தாள். முதல் வார்ப்பு வெள்ளை ரெசினில் வந்தது. அத்தான் அதை இரண்டு நாள் கையை விட்டு இறக்கவில்லை.

மூன்றாம் நாள், உள்ளே திருகு பிடிப்பதற்குக் குழாய் பொருத்த வேண்டும் என்று அக்கா அதைத் தன் வேலையறைக்கு எடுத்துப் போனாள். குழாயைப் பொருத்தினாள். பிறகு, கை சும்மா இருக்குமா? பல்லை மெருகேற்றும் சக்கரம் பக்கத்தில்தான் இருந்தது. மேட்டை வழித்தாள், தழும்பை நிரவினாள், உப்புத்தாள் போட்டு மழமழவென்று ஆக்கிக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். அவருக்குத் தெரியவா போகிறது என்று நினைத்தாளாம்.

அத்தான் எடுத்தார். மூக்கிலிருந்து பின்னோக்கி விரலை ஓட்டினார். திரும்ப ஓட்டினார். மேசையில் வைத்துவிட்டு எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார்.

நான்கு நாள் பேச்சில்லை. ஐந்தாம் நாள், ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் லிஃப்டின் மேல் நின்று கேபிளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்த என்னைத் தேடி அக்கா வந்துவிட்டாள். நல்லதுதானே செய்தேன், ஊரில் எத்தனை பேர் வாயைச் சரி பண்ணுகிறேன், சொந்தப் புருஷன் செய்த கோணலைச் சரி பண்ணினால் தப்பா என்று கேட்டாள். எனக்கும் தப்பாகத் தெரியவில்லை. சாயங்காலம் அத்தானிடம் போய் அதையே சொன்னேன்.

அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி என்னைக் கடைக்கண்ணால் பார்த்தபடி பேசினார்.

"அந்த மேடு இருக்குன்னு எனக்குத் தெரியாதா மாப்ள? விரலுக்குத் தெரிஞ்சுதான் விட்டேன். அவ நல்ல மனசோடதான் செஞ்சா. ஆனா இனிமே இந்த வீட்டுல எதைத் தொட்டாலும், இது நான் வச்சபடி இருக்கா, இல்ல அவ வந்து சரி பண்ணிட்டுப் போயிட்டாளான்னு தோணும். கண்ணு போனதுகூடப் பரவாயில்ல. நான் செஞ்சதுன்னு ஒண்ணு இருக்கணும்ல?"

நான் திரும்பியபோது அக்கா சமையலறை வாசலில் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். வழக்கமாக ஒரு வார்த்தைக்கு ஒன்பது வார்த்தை பேசுகிறவள், அவர் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"கேட்டிருக்கணும். கேக்கல" என்றாள். பிறகு, "அச்சு அப்படியேதான் இருக்கு. நீங்க ஒட்டுன மேடு, தழும்பு எல்லாம் அதுல இருக்கு. இன்னொண்ணு ஊத்தலாம். நீங்களே ஊத்துங்க" என்றாள்.

அடுத்த விடுமுறை நாளில் மூன்று பேரும் அவள் வேலையறைக்குப் போனோம். முதல் சோதனை அங்கேயே வந்தது. திறந்து வைத்திருந்த வெள்ளை ரெசின் காற்றின் ஈரத்தை இழுத்துக் கெட்டுப்போயிருந்தது. கலக்கியதும் பால் பொங்குவது போல நுரைத்துக்கொண்டு கிண்ணத்தை விட்டு வெளியே வந்தது. புதிதாக வரவழைக்க மூன்று வாரம் ஆகும். அக்காவிடம் வேறு எதுவும் இல்லையா என்று அத்தான் கேட்டார். இருந்தது. பல்செட்டில் ஈறுப் பகுதிக்குப் போடும் அக்ரிலிக், இளஞ்சிவப்பு.

"ஈறு கலர்ல காரா?" என்று நான் கேட்டேன்.

"கடிக்காம ஓடினாச் சரி" என்றார் அத்தான்.

பொடியை அளந்ததும் திரவத்தைச் சேர்த்ததும் அவர்தான். மூக்கைத் துளைக்கும் அந்த வாசனையில் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கலவை எவ்வளவு கெட்டியாகிறது என்பதைக் குச்சி இழுபடுவதை வைத்தே தெரிந்துகொண்டார். அச்சைச் சாய்த்துச் சாய்த்து ஊற்றினார். அக்கா தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்திருந்தாள். உவமைக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். மூலையில் சரியாக இறங்கியிருக்கிறதா என்று அவர் கேட்டால் மட்டும் பதில் சொன்னாள். பின் சக்கரத்தின் மேல்வளைவில் ஒரு குமிழி இருக்கிறது என்று அவள் சொல்ல, அவர் ஊசியால் குத்தி அதை உடைத்தார். இன்னொன்று இருந்ததை அவள் சொல்லவே இல்லை. அவர் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை என்று பிறகு என்னிடம் சொன்னாள். அந்தக் குழி இப்போதும் அந்தக் காரில் இருக்கிறது.

அடிச்சட்டம், மோட்டார், பல்சக்கரங்கள் எல்லாம் நான் கொடுத்தேன். மோட்டாரின் சின்னச் சக்கரமும் அச்சாணியின் பெரிய சக்கரமும் கடிக்கும் இடைவெளியை, காதருகே வைத்துச் சுழலவிட்டு அவரே அமைத்தார். வண்ணம் பூசலாமா என்று கேட்டேன். அவர் உடலைக் கறுப்புத் துணியின் மேல் வைத்து, தலையை ஒருக்களித்துப் பார்த்தார். வேண்டாம் என்றார். தடம் கறுப்பு. அதன் மேல் இந்த இளஞ்சிவப்பு அவர் கடைக்கண்ணில் ஒரு புள்ளியாகவாவது பட்டது.

செவ்வாய்க்கிழமை மாலைகளில் யாரும் இல்லாத நேரத்தில் அவரைத் தடத்துக்கு அழைத்துப் போனேன். முதல் நாள் விசையையே தொடவில்லை. ஐந்தாம் கோட்டின் பள்ளத்தில் சுட்டுவிரலை வைத்து, தடத்தைச் சுற்றி நடந்தார். இருபத்திரண்டு மீட்டர். வளைவு வரும் இடங்களில் நின்று, எத்தனை அடி, எந்தப் பக்கம், எவ்வளவு இறுக்கம் என்று முணுமுணுத்துக்கொண்டார். அப்படி மூன்று சுற்று.

இரண்டாம் வாரம் கார் ஓடியது. ஓடியது என்றா சொன்னேன்? பறந்தது. முதல் வளைவிலேயே போய் ஜன்னல் கம்பியில் மோதியது. எடுத்து வைத்தேன், மறுபடி பறந்தது. அன்று நாற்பது தடவைக்குக் குறையாமல் குனிந்து நிமிர்ந்தேன். ஆனால் வாரங்கள் போகப் போக, மோட்டாரின் சத்தம் எங்கே ஏறுகிறது, மரப்பலகை இணைப்பில் சக்கரம் எங்கே 'டக்' என்கிறது என்பதை வைத்து, அந்த இடம் வருவதற்குச் சற்று முன்பே விரலைத் தளர்த்தப் பழகினார். ஒரு செவ்வாய்க்கிழமை தொடர்ந்து ஒன்பது சுற்று விழாமல் ஓட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் திருஷ்டி பட்டுவிடும் போலிருந்தது.

பிறகு ஒரு ஞாயிறு அவரைப் பந்தயத்துக்குக் கூப்பிட்டோம். ஆறு பேர் வேண்டும். தபால்காரர் காய்ச்சலில் வராததால் ஒரு ஆள் குறைந்தது. துணைக்கு வந்திருந்த அக்காவை நண்பர்கள் சும்மா ஒப்புக்கு நிற்கச் சொன்னார்கள். கார் இல்லையே என்றாள் அவள். அத்தான் பையில் கைவிட்டு, மழமழவென்று தேய்த்திருந்த அந்த வெள்ளை உடலை எடுத்தார். அடிச்சட்டம் பூட்டித் தயாராக வைத்திருந்தார். எனக்குக்கூடத் தெரியாமல் எப்போது செய்தார் என்று இன்றுவரை புரியவில்லை.

"இது நீ செஞ்சது. ஓட்டு" என்றார்.

ஐந்து நிமிடப் பந்தயம். விழும் கார்களை எடுத்து வைக்கும் பொறுப்பு எனக்கு. எங்களில் வளைவில் விசையையே விடாத ஒருவர் உண்டு, பெயரே 'பிரேக்' ஆகிவிட்டது. அவர் கார் அத்தானின் காரைத் தட்டிவிட, நான் பாய்ந்து போய் முதலில் அத்தானுடையதை எடுத்து வைத்தேன். அதற்கு முன்பே விழுந்து கிடந்த முடிதிருத்துபவரின் கார் அங்கேயே கிடந்தது.

"மாப்ள, வரிசையா எடு" என்றார் அத்தான், தலையைத் திருப்பாமலேயே. காது கேட்கிற மனிதரிடம் இரக்கம் காட்டுவதும் கஷ்டம்தான். அதன் பிறகு வரிசையாகவே எடுத்தேன்.

முடிவில் பிரேக் வழக்கம்போலக் கடைசிக்கு முந்தைய இடம். அத்தான் நான்காவது. கடைசி என் அக்கா, அவளுக்கும் பிரேக்குக்கும் நடுவே பதினேழு சுற்று இடைவெளி. நேரம் முடிந்து மின்சாரத்தை நிறுத்தியபோது அத்தானின் விரல் இன்னும் விசையை அழுத்திக்கொண்டிருந்தது. எத்தனையாவது இடம் என்று கேட்டார். சொன்னேன். அவர் முகத்தில் ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. ஆனால் விசையைக் கீழே வைத்துவிட்டுக் காரைக் கேட்டு வாங்கி, அந்த மேட்டின் மேல் விரலை ஓட்டினார். அக்கா அதைப் பார்த்துவிட்டு, பார்க்காதது போல என்னிடம் தண்ணீர் கேட்டாள்.

"மூணாவது வளைவுல நீ லேட்டா விடுறே. சத்தம் கேக்குது" என்றார் அவளிடம்.

"அடுத்த வாரம் பாருங்க" என்றாள் அவள்.

இது நடந்து ஒன்றரை வருடம் ஆகிறது. அத்தானின் பார்வை இன்னும் குறைந்திருக்கிறது, இப்போது இளஞ்சிவப்புப் புள்ளியும் தெரிவதில்லை என்கிறார். தெரிந்த வரையில் லாபம் என்று சொல்லிவிட்டு ஓட்டுகிறார். ஒரு முறை மூன்றாவதாக வந்தார், இரண்டு முறை கடைசியாக வந்தார். எங்கள் கூட்டத்தில் அந்தக் காருக்குப் 'பல்செட்' என்று பெயர். முடிதிருத்துபவர் தன் வீட்டில் கிடந்த ஒரு பழைய கிட்டைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார், அதற்கு அச்சு எடுக்க வேண்டுமாம். அத்தான் அதை ஒட்டிக்கொண்டிருக்கிறார். கூரைப் பகுதி லேசாகக் கோணியிருக்கிறதென்று நேற்று அக்காவே அவரிடம் சொன்னாளாம். அவர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, ஆமாம், பிரித்து மறுபடி ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றாராம்.